எஞ்சினுக்கும் ஒரு மடை வேண்டும்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய படகு மோட்டாரில் தெர்மோஸ்டாட் மாற்றுவது பற்றி நான் இன்று பேசப் போவதாக அறிந்ததும், உங்களுள் சிலர் புன்னகை செய்ததைக் கண்டேன். சாமையும் தினையும் விளையும் மலைமேல், கடலோரத்து மோட்டாருக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. இவ்வூரில் படகு விடும் கோமுட்டேரி ஒன்று உண்டு என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. படகு மோட்டாரில் நான் கற்ற பாடம் உங்கள் கிணற்று எஞ்சினுக்கும் டிராக்டருக்கும் அப்படியே பொருந்துகிறது. அந்தப் பாடத்தைக் கற்க நான் ஒரு பிழை செய்ய வேண்டியிருந்தது. நீங்கள் அப்பிழையைச் செய்யாதிருக்கவே இங்கு நிற்கிறேன்.

எஞ்சின் சூடேறினால் கெடும் என்பதை யாவரும் அறிவர். அது மிகக் குளிர்ந்திருந்தாலும் கெடும் என்பதைப் பலர் அறியார். நான் கூற வந்த செய்தி இவ்வளவே. மற்றவையெல்லாம் இதன் விளக்கம்.

நான் செய்த பிழை

இளவயதில் கடற்கரையோரப் பணிமனை ஒன்றில் நான் தொழில் பயின்றேன். படகின் பின்புறத்தில் மாட்டும் வெளிப்பொருத்து மோட்டார்களே அங்கு பெரும்பாலும் பழுதுக்கு வரும். அவற்றுள் பல, பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப்படுபவை.

ஒருநாள் மீனவர் ஒருவர் தம் பழைய மோட்டாரைத் தோளில் சுமந்து வந்தார். அது அடிக்கடி சூடேறி நின்றுவிடுகிறது என்றார். நான் திறந்து பார்த்தேன். தெர்மோஸ்டாட் உப்புப் படிந்து மூடிய நிலையிலேயே இறுகிப் போயிருந்தது. புதியது கையிருப்பில் இல்லை. மீன்பாடு நிறைந்த நாட்கள் அவை. அவரோ காத்திருக்க இயலாதவர். நான் அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் மூடியைப் பொருத்திக் கொடுத்தேன். மோட்டார் பிறகு சூடேறவே இல்லை. அவர் என்னை வாழ்த்திச் சென்றார். நானும் பெருமிதம் கொண்டேன்.

சில மாதங்களில் அதே மோட்டார் திரும்பி வந்தது. ஸ்பார்க் பிளக்குகள் கரியும் ஈரமுமாக இருந்தன. பிஸ்டன் வளையங்கள் கரியில் ஒட்டிக் கிடந்தன. சிலிண்டரின் சுவரில் கீறல்கள் விழுந்திருந்தன. என்னுடன் இருந்த மூத்த மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, “இது சூட்டில் கெடவில்லை தம்பி, குளிரில் கெட்டது” என்றார். மண்ணெண்ணெய் ஆவியாக நல்ல சூடு வேண்டும். கடல்நீர் தடையின்றி ஓடி எஞ்சினைக் குளிர்வித்துக்கொண்டே இருந்ததால், மண்ணெண்ணெய் முழுதும் ஆவியாகாமல் துளிகளாகச் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கிருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டது. எண்ணெய் இல்லாத இடத்தில் இரும்போடு இரும்பு உராய்ந்தது. அம்மீனவர் கடலுக்குச் செல்லாமல் கரையில் கழித்த நாட்களுக்கு நானே காரணம். அன்றுமுதல் எந்த எஞ்சினிலிருந்தும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஓட்டுமாறு நான் எவருக்கும் கூறியதில்லை.

தெர்மோஸ்டாட் என்பது யாது?

ஏரிக்கு மதகு எதுவோ, எஞ்சினுக்குத் தெர்மோஸ்டாட் அது. ஏரி நீரை வயலுக்கு விட மடையைத் திறக்கிறோம்; தேவை தீர்ந்தால் அடைக்கிறோம். தெர்மோஸ்டாட்டும் அவ்வாறே, எஞ்சினைச் சுற்றியுள்ள நீர் குளிர்ந்திருக்கும் வரை வழியை அடைத்து வைக்கிறது. நீர் உரிய சூட்டை அடைந்ததும் திறந்துவிடுகிறது. இந்த மடைக்குக் காவலாள் வேண்டியதில்லை. அதன் உள்ளே சிறிய செப்புக் குப்பி ஒன்று உண்டு. அதில் ஒருவகை மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். சூடேறினால் மெழுகு உருகி விரிந்து, ஒரு தண்டைத் தள்ளி வால்வைத் திறக்கும். குளிர்ந்தால் மெழுகு சுருங்க, சுருள்வில் வால்வை மூடும். 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் வகுத்த இந்த முறையே இன்றும் டிராக்டரிலும் லாரியிலும் படகிலும் வழங்கி வருகிறது.

எந்தச் சூட்டில் திறக்கும் என்பதை அதன்மேல் எண்ணாகப் பொறித்திருப்பார்கள். டிராக்டர் எஞ்சின்களில் அது பெரும்பாலும் 71 முதல் 88 டிகிரி வரை இருக்கும். படகு மோட்டாரிலோ ஏறத்தாழ 50 முதல் 62 டிகிரிதான். ஏன் இந்த வேறுபாடு? டிராக்டரில் ஒரே நீர் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே சுற்றி வருகிறது. படகு மோட்டாரோ கடல்நீரையே உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றவிட்டு, மீண்டும் கடலிலேயே விடுகிறது. உப்புநீர் மிகச் சூடேறினால் உப்பு பிரிந்து குழாய்களில் படியும். ஆகவே டிராக்டரின் தெர்மோஸ்டாட் அளவில் ஒத்துப் போகிறது என்று எண்ணி அதைப் படகு மோட்டாரில் பொருத்துதல் பெரும் பிழை. உருவம் ஒத்தால் போதாது. எண்ணும் ஒக்க வேண்டும்.

பழைய மோட்டாரில் மாற்றும் முறை

வெளிப்பொருத்து மோட்டாரை 1909ஆம் ஆண்டிலேயே ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயர் தாங்கிய மோட்டார்கள் நூறாண்டுக்கு மேல் உலகெங்கும் ஓடின. 2020ஆம் ஆண்டில் அவற்றின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. உற்பத்தி நின்றாலும் பழைய மோட்டார்கள் நின்றுவிடுவதில்லை. கையில் உள்ளதைக் காத்து ஓட்டுவதே எளியோர் வழி. ஆகவே மாற்றும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

மோட்டார் சூடேறினால் உடனே தெர்மோஸ்டாட்டைக் குறை கூறலாகாது. முதலில் நீர் உறிஞ்சும் துளைகளில் பாசியோ பிளாஸ்டிக் தாளோ அடைத்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, நீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரின் இறக்கைகள் ஒடிந்துள்ளனவா என்று காண வேண்டும். அதன் பின்னரே தெர்மோஸ்டாட்டுக்கு வரவேண்டும்.

மோட்டாரை நன்கு ஆறவிடுங்கள். தெர்மோஸ்டாட் பல மோட்டார்களில் சிலிண்டர் தலைப்பகுதியில் சிறு மூடியின் கீழ் இருக்கும். பழைய மோட்டாரின் போல்ட்டுகள் உப்பில் இறுகியிருக்கும். வலிந்து திருகினால் போல்ட் தலை ஒடிந்து கையோடு வரும். ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முதல்நாளே இட்டு ஊறவிடுங்கள். பின்னர் சிறிது இறுக்கியும் சிறிது தளர்த்தியும் மெல்லக் கழற்றுங்கள்.

பழையதை எடுக்குமுன் அது எந்த முகமாக இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் மெழுகுக் குப்பி இருக்கும் பக்கம் எஞ்சினை நோக்கியிருக்கும். தலைகீழாகப் பொருத்தினால் சூடு குப்பியை உரிய காலத்தில் எட்டாது. வால்வும் நேரத்தில் திறக்காது. பழைய கேஸ்கட்டின் மிச்சத்தை உலோகம் கீறாமல் சுரண்டி எடுத்துப் புதிய கேஸ்கட்டை வையுங்கள். போல்ட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் சமமாக இறுக்குங்கள். இம்பெல்லர் பழையதாயின் அதையும் அப்போதே மாற்றிவிடுவது நலம்.

பிறகு, நீர் நிறைந்த தொட்டியில் உறிஞ்சும் துளைகள் நன்கு மூழ்குமாறு மோட்டாரை நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். நீரின்றி ஒரு கணமும் ஓட்டலாகாது. ரப்பர் இம்பெல்லர் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். கடலில் ஓடிய மோட்டாரை ஒவ்வொரு முறையும் நன்னீரில் ஓட்டி அலசிவைத்தால் தெர்மோஸ்டாட்டின் ஆயுள் நீளும்.

இது வெறும் சிக்கனப் பேச்சு அன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டதை நாடறியும். அத்தகைய நாளில் நடுவெள்ளத்தில் மோட்டார் நின்றுபோனால், கூரைமேல் காத்திருப்பவரின் கதி என்ன? உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு வால்வின் மதிப்பு அன்று விளங்கும்.

படித்தவற்றைக் கிணற்றடிக்குக் கொண்டு வருவோம்

இனி நம் மலைக்கு வருவோம். மின் இணைப்பு எட்டாத கிணறுகளில் டீசல் எஞ்சின் வைத்து நீர் இறைக்கிறீர்கள். அந்த எஞ்சினைக் குளிர்விக்கும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? பம்பு தள்ளும் நீரிலிருந்து ஒரு சிறு குழாய் பிரிந்து எஞ்சினுக்குள் சென்று, மறுபுறம் வெளியேறி வாய்க்காலில் விழுகிறது. படகு மோட்டார் கடல்நீரைக் குடித்து உமிழ்கிறது. உங்கள் எஞ்சின் கிணற்றுநீரைக் குடித்து உமிழ்கிறது. இரண்டும் ஒரே முறைதான். வேறுபாடு ஒன்றே. படகு மோட்டாரில் தெர்மோஸ்டாட் என்னும் மடை உண்டு. கிணற்று எஞ்சின் பலவற்றில் அந்த மடை இல்லை. நான் அந்த மீனவரின் மோட்டாரில் செய்த பிழை, பல கிணற்றடிகளில் நாள்தோறும் நிகழ்ந்து வருகிறது.

மார்கழி, தை மாதங்களில் இம்மலையின் கிணற்றுநீர் எவ்வளவு குளிர்ச்சி என்பதை நான் உங்களுக்குக் கூற வேண்டியதில்லை. அந்நீர் தங்குதடையின்றி எஞ்சினுக்குள் பாய்ந்தால், டீசல் முழுதும் எரிவதில்லை. எரியாத டீசல் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. எரிந்த புகையிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து அரிப்பை உண்டாக்குகிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாட்டு டீசலில் கந்தகம் மிகக் குறைக்கப்பட்டுவிட்டதால் அமில அரிப்பு முன்னைவிடக் குறைவே. ஆயினும் எண்ணெய் நீர்த்துப்போவதும், கரி படிவதும், டீசல் வீணாவதும் நின்றபாடில்லை. 1978இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் உழவர்களுக்குக் கூறிவரும் அறிவுரைகளுள், எஞ்சினை மிகக் குளிர்வித்து ஓட்டாதீர் என்பதும் ஒன்று.

எஞ்சினிலிருந்து வெளியேறும் நீரை ஒரு வெப்பமானியால் அளந்து பாருங்கள். 60 முதல் 70 டிகிரி வரை இருந்தால் நலம். வெப்பமானி இல்லையேல், ஒரு கணம் விரல் வைத்து எடுத்துப் பாருங்கள். உரிய சூட்டில் உள்ள நீரில் விரலை வைத்திருக்க இயலாது. வெளிவரும் நீரில் சுகமாகக் கை கால் கழுவலாம் என்றால், உங்கள் எஞ்சின் குளிரில் தேய்கிறது என்று அறிக.

இதற்கு இரண்டு வழிகள் உள. முதலாவது, எஞ்சினுக்கு நீர் செல்லும் குழாயில் ஒரு திருகு வைத்து நீரைக் குறைப்பது. திருகு நீர் உட்செல்லும் பக்கமே இருக்க வேண்டும். வெளியேறும் பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். முற்றிலும் மூடிவிட்டால் எஞ்சின் இறுகிப்போகும். ஆகவே வெப்பத்தைப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்து, சரியான இடம் கண்டபின் அங்கே வண்ணத்தால் ஒரு குறியிடுங்கள்.

இரண்டாவது வழி, 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை எஞ்சினைவிட உயரமான மேடையில் வைப்பது. எஞ்சினின் மேற்புறத்திலிருந்து ஒரு குழாய் பீப்பாயின் மேற்பகுதிக்கும், பீப்பாயின் அடியிலிருந்து மற்றொரு குழாய் எஞ்சினின் கீழ்ப்புறத்துக்கும் செல்ல வேண்டும். சூடான நீர் இலேசாகி மேலே ஏறும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். பம்பின் உதவியின்றி நீர் தானே சுழலும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பீப்பாயின் நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்கு மேல் எப்போதும் இருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் சுழற்சி அறுந்துவிடும்.

டிராக்டரும் மலையின் உயரமும்

டிராக்டரில் தெர்மோஸ்டாட் உண்டு. ஆயினும் அது கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. சில எஞ்சின்களில் இதனால் விந்தையான விளைவும் நேரும். தெர்மோஸ்டாட் இல்லாதபோது, ரேடியேட்டருக்குச் செல்லாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். சூடான நீரின் ஒரு பகுதி அவ்வழியே சுற்றிக்கொண்டிருக்க, ஏற்றத்தில் சுமை இழுக்கும்போது எஞ்சின் முன்னைவிட அதிகமாகவே சூடேறும்.

மலைவாழ் மக்கள் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. உயரம் கூடக் கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இதே ஜவ்வாது மலையில் வானாய்வுக் கூடம் அமைந்துள்ள காவலூர் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு நீர் 100 டிகிரியில் அன்று, ஏறத்தாழ 97½ டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டரின் மூடி அழுத்தத்தைக் காத்து, இந்தக் குறையை ஈடு செய்து, கொதிநிலையை உயர்த்துகிறது. ஆகவே மூடியின் ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். சூடான நிலையில் மூடியைத் திறப்பது கூடவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

கழற்றிய தெர்மோஸ்டாட் நல்லதா, கெட்டதா என்பதை அடுப்படியிலேயே அறியலாம். பாத்திரத்தில் நீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். வெப்பமானியையும் அவ்வாறே தொங்கவிட்டு நீரைச் சூடேற்றுங்கள். பொறித்த எண்ணை ஒட்டிய சூட்டில் வால்வு திறக்கத் தொடங்க வேண்டும். மேலும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுதும் திறக்க வேண்டும். நீர் ஆறியதும் மூட வேண்டும். திறவாததும் மூடாததும் ஆகாதவையே. அந்த மூத்த மேஸ்திரி எனக்குக் கற்றுத்தந்த சோதனை இது. இதனினும் எளிய சோதனையை நான் கண்டதில்லை.

ஊராட்சி செய்யக்கூடியது

புதிய தெர்மோஸ்டாட்டின் விலை சில நூறு ரூபாயே. தேய்ந்த சிலிண்டரைச் சீர்செய்யப் பல ஆயிரம் செலவாகும். அதனினும் பெரிய இழப்பு, பயிர் வாடும் நேரத்தில் எஞ்சின் நின்றுபோவது. அடிவாரத்துப் பணிமனைக்கு எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி வேறு. இந்த இழப்பை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே தாங்க வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு பொதுக் கருவிப் பெட்டி இருக்கட்டும். அதில் இரண்டு வெப்பமானிகள், நல்ல ஸ்பேனர்கள், துரு இளக்கும் எண்ணெய், கேஸ்கட் தாள், அவ்வூரில் ஓடும் எஞ்சின்களுக்கு ஏற்ற ஓரிரு தெர்மோஸ்டாட்டுகள் ஆகியவை இருந்தால் போதும். எந்த வீட்டில் எந்த எஞ்சின் உள்ளது, அதன் எண் என்ன, எப்போது பழுது பார்க்கப்பட்டது என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையினரை அழைத்து, ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சின் சோதனை நாள் நடத்துங்கள். அன்று ஊர் இளைஞர் இருவர் தம் கையாலேயே கழற்றி, சோதித்து, பொருத்திப் பழகட்டும். அடுத்த ஆண்டு அவர்களே மற்றவர்க்குக் கற்பிப்பார்கள்.

பெரியோர்களே! மடை திறந்தே கிடந்தால் ஏரி வற்றும். அடைத்தே கிடந்தால் கரை உடையும். இதை நம் முன்னோர் நன்கறிந்து, மடைக்கென்றே ஓர் ஆளை வைத்துக் காத்தார்கள். எஞ்சினுக்கும் அத்தகைய அளவு வேண்டும். இன்று வீடு திரும்பியதும், அல்லது நாளைக் காலை எஞ்சினை ஓட்டும்போது, அது உமிழும் நீரின் சூட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளிர்ந்த நீர் வந்தால், என்னிடம் மோட்டாரைக் கொடுத்து ஏமாந்த அந்த மீனவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நான் செய்யத் தவறியதை உங்கள் எஞ்சினுக்கு நீங்கள் செய்துவிட்டால், இத்தனை நேரம் நீங்கள் பொறுமையோடு செவிமடுத்ததற்குப் பயன் கிட்டியதாகக் கொள்வேன்.